குறிப்பு: தாய் உள்ளார்

கொஞ்சம் பொறுங்கள் சார். புது மெஷினை மேஜையில் வையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பழையதில் இருப்பதை எல்லாம் இதற்கு மாற்றிக் கொடுங்கள். அதற்குத்தானே திருச்சியிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். ஆனால், பெண்கள் ஷீட்டில் இடது பக்க நம்பரும் வலது பக்க நம்பரும் ஒத்துவரவில்லை, இரண்டு நிமிஷத்தில் சரிசெய்துவிடுகிறேன் என்றீர்களே, அதை மட்டும் செய்யாதீர்கள். உங்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெண் போனில் சொல்லியிருப்பாள். தெரியும். மெஷினுக்கு ஆர்டர் கொடுத்ததே அவள்தான். இருந்தாலும் வெளியே போர்டில் யார் பெயர் இருக்கிறது, படியேறும்போது பார்த்திருப்பீர்கள். மங்களநாயகி திருமணத் தகவல் நிலையம், குளித்தலை. உரிமையாளர் சி. அரங்கநாயகம். முப்பத்திரண்டு வருஷம். ஒரு ஜாதகத்தில் ஒரு கட்டத்தை மாற்றி எழுதினவன் கிடையாது நான். இந்தத் தொழிலில் மற்றவர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. பணம் கொடுத்தால் மூலத்தைப் பூராடம் ஆக்கிவிடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை.

உட்காருங்கள். லூர்து மேரி சாப்பிடக் கீழே போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். அவள் இருந்தால் நடுவில் நடுவில் என்னைத் திருத்துவாள்.

லூர்து இங்கே பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறாள். வேதக்காரி. ஜாதகத்தில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அது ஒருவகையில் நல்லதுதான், வருகிற ஜாதகத்தைப் பார்த்து உச்சுக்கொட்ட மாட்டாள். போன வருஷம் தை மாசம் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கியபோது நான் கேட்ட முதல் கேள்வி, இதை லூர்து கற்றுக்கொள்ள முடியுமா என்பதுதான். கடைக்காரர், நீங்கள் இல்லை, உங்களுக்கு முன்னால் ஒருத்தர், அடேயப்பா என்ன பேச்சு. "வீட்டுக்கும் ஆகும், சின்ன ஆபீஸுக்கும் ஆகும் சார். இதுல லெட்டர் அடிக்கலாம், கட்டம் போட்டுக் கணக்கு வச்சுக்கலாம், மீட்டிங்ல படம் காட்டலாம்" என்றார். "எங்க மீட்டிங் எல்லாம் பஜ்ஜி சொஜ்ஜியோட நடக்கும், படம் வேண்டாம்" என்றேன். "வேண்டாம்னாலும் அது கூடவேதான் வரும் சார், கழட்ட முடியாது" என்றார். சரி, இருக்கட்டும் என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்தரைக்குக் கொண்டுவந்தார்கள். ராகு காலம். பன்னிரண்டு மணி வரை மெஷின் பெட்டிக்குள்ளேயே இருந்தது, மாட்ட வந்தவர் நீங்கள் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் இருந்தார். பன்னிரண்டு பத்துக்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஆரத்தி காட்டி ஆன் செய்தோம். முன்பக்கம் பென்டிரைவ் செருகுகிற ஓட்டையில் கொஞ்சம் குங்குமம் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த ஓட்டை வேலை செய்யவில்லை. அதனால் என்ன, பின்னால் இன்னும் இரண்டு இருக்கிறது.

லூர்து ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டாள். பிறகு ஆறு மாசம், நோட்டில் இருந்ததை எல்லாம் ஏற்றினாள். பெண்கள் ஒரு ஷீட், மாப்பிள்ளைகள் ஒரு ஷீட்.

இங்கேதான் கவனியுங்கள். என் நோட்டில் எப்படி என்றால், இடது பக்கம் குடும்பம். பெயர், தகப்பனார் பெயர், வயது, படிப்பு, ஊர், போன். வலது பக்கம் ஜாதகம். பிறந்த தேதி, நட்சத்திரம், ராசி, லக்னம், தோஷம். இரண்டு பக்கத்திலும் மேலே நம்பர். நடுவில் நோட்டின் தையல். அந்தத் தையல் பக்கத்தில் நான் எதுவும் எழுத மாட்டேன். குடும்ப விஷயமும் கிரக விஷயமும் ஒன்றையொன்று தொடக் கூடாது. இது எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒழுங்கு. கம்ப்யூட்டரிலும் அப்படியே வேண்டும், நடுவில் ஒரு பத்தி காலியாக விடு, அதற்கு மஞ்சள் கலர் கொடு என்று லூர்துவிடம் சொன்னேன்.

"சார், நடுவுல காலியா விட்டா, இந்தப் பக்கம் வேற அந்தப் பக்கம் வேறன்னு மெஷின் நினைச்சுக்குமாம். கிளாஸ்ல சொன்னாங்க."

"நினைச்சுக்கட்டும். வேறதானே?"

"ரெண்டும் ஒரே பொண்ணோடது சார்."

"லூர்து, மஞ்சளை அடி."

அடித்தாள். பார்க்க மங்களகரமாக இருந்தது. இப்போதும் பாருங்கள், மேலிருந்து கீழ் வரை.

வேலை முடிந்ததும் நோட்டுகளை என்ன செய்வது என்று கேள்வி வந்தது. பழைய பேப்பர்காரனிடம் போட முடியுமா? ஒவ்வொரு பக்கமும் ஒரு பெண்ணின் வாழ்க்கை. ஆடிப்பெருக்கு அன்று கடம்பந்துறைக்கு எடுத்துப் போய், முப்பத்தெட்டு நோட்டையும் காவேரியில் விட்டேன். அந்த வருஷம் நல்ல தண்ணீர். கரையில் நின்று முளைப்பாரி விட வந்த பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். லூர்து மட்டும், "ஒரு மாசம் பொறுத்து விடலாமே சார்" என்றாள். ஆடிப்பெருக்கு ஒரு மாசம் பொறுத்து வருமா?

சரி, என் பெண் விஷயத்துக்கு வருகிறேன். அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும்.

வளர்மதி. ஒரே பெண். பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். ஆயில்யம். ஆயில்ய நட்சத்திரப் பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். ஊரில் எத்தனை பேர் அதை மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள்! நான் மறைக்கவில்லை. யாரோ ஒரு அம்மாவின் உயிருக்கு நான் பொறுப்பாக முடியாது. ஆகவே அவளுக்கு இருபத்தைந்து முடிந்த வருஷத்திலிருந்து தாயில்லாத மாப்பிள்ளையாகத் தேட ஆரம்பித்தேன்.

சுலபம் இல்லை சார். பையன் இருக்கும் இடத்தில் அம்மா இருக்கிறாள். ஏழு வருஷத்தில் நாலே நாலு பேர் கிடைத்தார்கள். ஒருத்தருக்கு நாற்பத்தாறு வயது. ஒருத்தருக்குச் சித்தி இருந்தாள். சித்தி மாமியார்க் கணக்கில் சேருமா சேராதா என்று மூன்று ஜோசியர்களிடம் கேட்டேன், மூன்று விதமாகச் சொன்னார்கள், விட்டுவிட்டேன். இன்னொரு இடத்தில் அம்மா காலமாகிவிட்டதாகத் தரகர் சொன்னார். பெண் பார்க்க வந்த அன்று அந்த அம்மாளே ஆட்டோவிலிருந்து இறங்கினாள். தகப்பனாரோடு பேச்சு வார்த்தை இல்லை, அவ்வளவுதானாம். நாலாவது பையன் நல்ல பையன், அவனுக்கு வேறு ஒரு பெண்ணைப் பிடித்திருந்தது.

சுற்று வட்டாரத்தில் கல்யாண வயதில் பையன் இருக்கிற வீட்டில் அம்மா தவறினால் நான் துக்கம் கேட்கப் போவேன். சிரிக்காதீர்கள். பதினாறாம் நாள் முடிவதற்கு முன்னால் ஒருத்தரிடமும் ஜாதகத்தைப் பற்றி வாய் திறந்ததில்லை. அந்த நாகரிகம் எனக்கு உண்டு.

வளர்மதி முதலில் எல்லாம், "இன்னைக்கு யாருப்பா செத்தாங்க?" என்று கேட்பாள். பிறகு அதையும் கேட்பதில்லை.

இனி மெஷின். போன வருஷம் ஆவணியில் லூர்து வேளாங்கண்ணிக்கு நடந்து போகப் பத்து நாள் லீவு எடுத்தாள். அவள் இல்லாதபோது திருப்பராய்த்துறையிலிருந்து ஒருவர், தன் பெண்ணின் போன் நம்பர் மாறிவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள் என்று வந்தார். ஆயிரத்து நூற்று எண்பது பெயரில் அவர் பெண்ணை எங்கே தேடுவது? எல்லாம் நோட்டு வரிசையில் கிடந்தது. அவரை உட்கார வைத்துவிட்டு எலியைக் கையில் எடுத்தேன். பெயர் இருக்கிற பத்தியில் வைத்து, மேலே ஏ, கீழே இசட், பக்கத்தில் ஒரு அம்பு போட்ட பட்டன் இருக்கிறதே, அதை அழுத்தினேன். ஒரு வினாடிதான். அகிலா, அங்கயற்கண்ணி, அஞ்சலை என்று பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி வந்து நின்றுவிட்டார்கள். வந்தவர், "உங்க வயசுல இதெல்லாம் செய்யறீங்களே" என்றார். சேமித்துவிட்டு மூடினேன்.

மஞ்சள் பத்திக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் மட்டும்தான் இடம் மாறினார்கள், அந்தப் பக்கம் கிரகங்கள் எல்லாம் இருந்த இடத்தில் அப்படியே இருந்தன என்பது எனக்கு எப்படித் தெரியும்? அந்த மெஷின் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சாதாரணமாக மூடுவதற்கே மூன்று தரம் நிச்சயமா நிச்சயமா என்று கேட்கிற மெஷின், ஆயிரத்து நூற்று எண்பது பெண்களின் தலையெழுத்தை மாற்றும்போது மூச்சு விடவில்லை.

லூர்து காலில் கொப்புளத்தோடு வந்தாள். வந்த மறுநாள் ஷீட்டைத் திறந்தாள். திறந்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

"சார், யாரு இதைத் தொட்டது?"

"ஏன்?"

"எல்லாம் மாறிக் கிடக்கு. அகிலா விசாகம் இல்ல, திருவோணம். அங்கயற்கண்ணி உத்திரம். அஞ்சலை…"

"ஆயிரத்துச் சொச்சம் பேர் நட்சத்திரமும் உனக்கு மனப்பாடமாக்கும்?"

"ஆமா சார்."

"உனக்குத்தான் இதுல நம்பிக்கையே இல்லையே?"

"சம்பளம் வாங்குறேனே சார்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாசம் டைப் அடித்ததில் செய்த தப்பை எல்லாம் இப்போது மெஷின் தலையில் போடுகிறாள் என்று நினைத்தேன். வாடிக்கையாளர்கள் இரண்டு பேர் வேறு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "மெஷின் தப்பு பண்ணாது லூர்து. மனுஷங்கதான் தப்பு பண்ணுவாங்க. அதுல என்ன வருதோ அதை அடிச்சுக் கொடு" என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. பிடிவாதக்காரி.

எங்கள் முறை என்னவென்றால், பையன் வீட்டார் வந்து நட்சத்திரம் சொன்னால், பொருந்துகிற ஐந்து பெண்களை மெஷின் பொறுக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு மஞ்சள் தாளில் ஜாதகக் குறிப்பு அச்சாகும். பெயர் இடது பக்கத்திலிருந்து தானாகப் போய் உட்காரும், கிரகம் வலது பக்கத்திலிருந்து உட்காரும். எங்கள் லெட்டர்ஹெட், என் கையெழுத்து. அதை எடுத்துப் போய் அவர்கள் ஜோசியரிடம் காட்டிக்கொள்வார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் திரும்பி வந்தார். முசிறிக்காரர், ரிட்டயர்டு தாசில்தார். "பொண்ணுக்கு இருபத்துநாலுன்னு போட்டிருக்கு, பிறந்த வருஷத்தைப் பார்த்தா முப்பத்துமூணு வருதே" என்றார். "வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் கொஞ்சம் வித்தியாசம் வரத்தான் செய்யும்" என்றேன். தாசில்தார் ஒப்புக்கொண்டு போனார்.

கல்யாணங்கள் முடிந்தன சார். அதைத்தான் சொல்ல வருகிறேன். பத்து வருஷமாக என் நோட்டில் தூங்கிக்கொண்டிருந்த மூலம், கேட்டை, விசாகம் எல்லாம் ஒவ்வொன்றாக எழுந்து கிளம்பின. ரோகிணிகள் கொஞ்சம் தேங்கின. அதனால் என்ன, ரோகிணிக்கு எப்போதும் ஆள் உண்டு. மூன்று மாசத்தில் ஒன்பது இடம் நிச்சயமாயிற்று. முப்பத்திரண்டு வருஷத்தில் அப்படி ஒரு வேகம் பார்த்ததில்லை. மெஷினுக்குக் கைராசி என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆயுத பூஜைக்கு அதற்கு வேட்டி சாத்தினேன்.

கார்த்திகையில் ஒரு நாள் நாமக்கல்லிலிருந்து போன். ராசாமணி என்று ஒரு அம்மாள். கணீரென்ற குரல், போனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துத்தான் பேச வேண்டும். மகன் குணசேகர், கோழித்தீவன ஆலையில் மேனேஜர், முப்பத்தாறு வயது. "நீங்க அனுப்பின அஞ்சுல ஒண்ணு எங்களுக்குப் பிடிச்சிருக்குங்க. எங்க ஜோசியர் பத்துக்கு ஒன்பது பொருத்தம்னுட்டாரு. பொண்ணு டீச்சராமே."

"சந்தோஷம். பெயர் சொல்லுங்க."

"வளர்மதி. ரேவதி நட்சத்திரம். அப்பா பேரு… ஏங்க, உங்க பேருதான் போட்டிருக்கு."

நான் போனை வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்தேன். பிறகு லூர்துவைப் பார்த்தேன்.

"நான் சொன்னேனே சார்" என்றாள்.

"எம் பொண்ணு ஜாதகத்தை நீ எப்படி அடிச்சு அனுப்பலாம்?"

"மெஷின் அஞ்சு பேரைப் பொறுக்குச்சு. அதுல மூணாவதா வந்துச்சு. அடிச்சேன். என்ன வருதோ அதை அடிக்கச் சொன்னீங்களே."

"இதை இப்ப சரிபண்ண முடியுமா?"

"ரெண்டு பக்கமும் நம்பர் இருக்கு சார். ரெண்டு நிமிஷ வேலை." நீங்கள் சொன்ன அதே இரண்டு நிமிஷம்.

யோசித்துப் பாருங்கள் சார். சரிசெய்தால் என்ன ஆகும்? நிச்சயமான ஒன்பதும் தப்பு என்று ஆகும். தை மாசத்துக்கு ஆறு மண்டபம் பிடித்திருக்கிறார்கள். பத்திரிகை அடித்தாகிவிட்டது. நான் போய் நின்று, உங்கள் மருமகள் பூசம் இல்லை கேட்டை என்று சொன்னால்? நோட்டைக் காட்டு என்பார்கள். நோட்டு பூம்புகாரில் கடலில் கலந்து நாலு மாசம் ஆகிறது. மற்றவர்களுக்கு எல்லாம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, என் பெண் விஷயத்தில் மட்டும் ராசாமணி அம்மாளிடம் மெஷின் தப்பு என்று சொல்ல முடியுமா? மெஷின் ஒரு இடத்தில் தப்பு என்றால் எல்லா இடத்திலும் தப்பு. என் நேர்மைதான் என் கையைக் கட்டிப்போட்டது. இதை என் மனைவியிடம் சொன்னேன். "எந்த நேர்மையோ, இந்தத் தடவை வாயை மூடிக்கிட்டு இருங்க" என்றாள்.

வளர்மதியிடம் இடம் வந்திருப்பதைச் சொன்னேன். பேப்பர் திருத்திக்கொண்டிருந்தாள். சிவப்புப் பேனாவை மூடவில்லை.

"அவங்க அம்மா?"

"இருக்காங்க."

நிமிர்ந்து பார்த்தாள். "உயிரோடயா?"

"நல்லா இருக்காங்க. உடம்புக்கு ஒண்ணும் இல்ல போல. குரல்ல தெரியுது."

"அப்ப எப்படிப்பா?"

"மெஷின் பொருத்தம்னு சொல்லிடுச்சும்மா."

அவள் கையிலிருந்த பேப்பருக்கு மார்க் போட்டாள். பிறகு, "மெஷின் சொன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேப்பரை எடுத்தாள். அடக்கமான பெண்.

மாசியில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது நான் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. ராசாமணி அம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புகை பட்டு இரண்டு தரம் இருமினார்கள். போய் ஹோமப் புகையை விசிறச் சொன்னேன்.

அன்றிலிருந்து தினம் காலையில் ஆறரைக்கு நாமக்கல்லுக்கு ஒரு போன். ராத்திரி நல்லா தூங்கினீங்களா சம்பந்தி? மாத்திரை போட்டாச்சா? மாடிப்படி ஏறாதீங்க, துணி காயப்போட வேற யாரையாவது அனுப்புங்க. ரத்த அழுத்தம் பார்க்கிற கருவி ஒன்று வாங்கி அனுப்பினேன். குளியலறையில் வழுக்காத மிதியடி, படியில் இரண்டு பக்கமும் கைப்பிடி எல்லாம் என் செலவு. ஒரு நாள் ஏழு மணி வரை எடுக்கவில்லை. கரூர் டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன். பால்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்களாம். நாமக்கல் முழுக்க, இப்படி ஒரு சம்பந்தி ஏழேழு ஜன்மத்துக்கும் கிடைக்க மாட்டார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். சொல்லட்டும். அந்த அம்மாள் என் பொறுப்பு.

ஐந்து மாசம் ஆகிறது. இன்னும் திடமாகத்தான் இருக்கிறார்கள். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறார்கள். அது எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம்தான் சார். ஆனால் சில நாள் காலையில் போனை வைத்த பிறகு ஒரு மாதிரியாக இருக்கிறது. இந்த அம்மாள் இப்படியே எண்பது, தொண்ணூறு வரை இருந்துவிட்டால், அப்புறம் நட்சத்திரத்துக்கு என்ன மரியாதை? ஏழு வருஷம் நான் ஏறி இறங்கின துக்க வீடெல்லாம் எதற்கு? அதை யோசிக்க ஆரம்பித்தால் காப்பி இறங்குவதில்லை. அதனால் யோசிப்பதில்லை.

மற்ற ஜோடிகளும் நன்றாகத்தான் இருக்கிறார்கள். இரண்டு பெண்கள் முழுகாமல் இருக்கிறார்கள். இப்போது தகராறு என்று என்னிடம் வந்திருப்பது ஒரே ஒரு ஜோடி. அது நோட்டுக் காலத்தில், பத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்த்து நானே முடித்து வைத்தது.

இப்போது புரிகிறதா, ஏன் அந்த ஷீட்டைத் தொடாதீர்கள் என்கிறேன் என்று? சரிசெய்துவிட்டால் எந்தக் கல்யாணம் சரி, எது தப்பு என்று எனக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு அத்தனை மாமியாருக்கும், மாமனாருக்கும், கொழுந்தனுக்கும் தினம் காலையில் நான் போன் செய்ய முடியுமா?

போன ஞாயிற்றுக்கிழமை வளர்மதியும் சம்பந்தியும் வந்திருந்தார்கள். சம்பந்திக்கு இந்த மெஷினைப் பார்க்க வேண்டுமாம். வேண்டாம், படி செங்குத்து என்றேன். கேட்காமல் விறுவிறுவென்று ஏறி வந்துவிட்டார்கள். எனக்குத்தான் மூச்சு வாங்கியது.

"எம் மவன் இதுல எங்கீங்க இருக்கான்? காட்டுங்க பார்ப்போம்."

லூர்து ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்திருந்தாள். மாப்பிள்ளைகள் ஷீட்டைத் திறந்தாள். அது நான் கை வைக்காத ஷீட், எல்லாம் இருந்தபடி இருக்கும். குணசேகர், நாமக்கல். நட்சத்திரம், ராசி, உத்தியோகம். கடைசியில் குறிப்பு என்று ஒரு பத்தி. நோட்டில் எனக்காக நான் சிவப்பு மையில் எழுதி வைத்தது. அதையும் விடாமல் ஏற்றியிருக்கிறாள், சிவப்பிலேயே. ஏற்றாதே என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சம்பந்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் படித்தார்கள்.

"வ. தாய் உள்ளார். ஒதுக்கவும்."

"வ-ன்னா என்னங்க சம்பந்தி?" என்றார்கள்.

"வளர்மதிங்க" என்றாள் லூர்து. இதற்கெல்லாம் மட்டும் உடனே பதில் சொல்லிவிடுவாள்.

ராசாமணி அம்மாள் சிரிக்க ஆரம்பித்தார்கள். நாற்காலி ஆடுகிற சிரிப்பு. எனக்கு அவர்கள் நெஞ்சைப் பற்றிக் கவலையாக இருந்தது. "தெரியுமுங்க சம்பந்தி. பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கே உள்ளாற கூட்டிட்டுப் போயி சொல்லிட்டா. அத்தே, நான் ரேவதி இல்லே, ஆயில்யம், உங்களுக்குப் பயமா இருந்தா இப்பவே காப்பி குடிச்சிட்டுக் கிளம்பிடுங்கன்னா. நான் சொன்னேன், எம் மாமியாளையே சமாளிச்சவ நானு, பாம்பு நட்சத்திரம் என்னை என்ன பண்ணும்னு. எம் மவனுக்கு வந்த புள்ளைக அத்தனையும், உங்கம்மாவைத் தனியா வைப்பியான்னுதான் கேட்டாளுக. செத்துப்போயிடுவீங்களோன்னு கவலைப்பட்டவ இவ ஒருத்திதான்."

"அப்ப, நான் தினம் போன் செய்யறது…"

"எதுக்குன்னு தெரியாமயா? நிறுத்திடாதீங்க. மாத்திரை போட்டியான்னு பெத்த மவன்கூடக் கேக்கறதில்லே."

அவ்வளவு அஜாக்கிரதையான மனுஷி. உயிர்மேல் பயம் வேண்டாமா?

வளர்மதி சிரிக்கவில்லை. அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "லூர்து அக்கா, இந்தக் குறிப்பு எத்தனை பேருக்கு இருக்கு? தனியா எடுக்க முடியுமா?" என்றாள். லூர்து என்னைக் கேட்கவில்லை. எதையோ அழுத்தினாள். அறுபத்தொரு பெயர் வந்து நின்றது. வயது, படிப்பு, வேலை, பொருத்தம் எல்லாம் சேர்ந்து, இந்த ஒரு காரணத்துக்காக நான் தள்ளிவைத்தவர்கள். வருஷ வாரியாக.

இரண்டு பேரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார்கள். சம்பந்திக்குப் பாதிப் பேரைத் தெரிந்திருந்தது. "இவன் வழுக்கைங்கண்ணு, தப்பிச்சே. இவங்கம்மா எங்க நாத்தனாருக்கு ஓரகத்தி, கல்லுக் கணக்கா இருக்கறா. இவன் நல்ல பையன், இப்ப ரெண்டு குழந்தை." வளர்மதி கேட்டுக்கொண்டே வந்தாள். நான் காப்பி வாங்கிவரச் சொன்னேன். ஆறிப்போயிற்று.

கிளம்பும்போது படியில் பாதி இறங்கியவள் நின்றாள். அப்போதுதான் மெஷினை மாற்றிவிடுவதாகவும், பெண்கள் ஷீட்டைத் திருத்தி, இந்தக் குறிப்புப் பத்தியை எடுத்துவிடச் சொல்லப்போவதாகவும் சொன்னாள். டீச்சர் குரல். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? பிறகு கேட்டாள்.

"அப்பா, அந்த அறுபத்தொண்ணுல இவர் எத்தனையாவது?"

தொழில் விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. ஞாபகத்திலிருந்து சொல்லக் கூடாது என்று மேலே வந்து, லூர்துவை எண்ணச் சொல்லி, திரும்பவும் ஒருமுறை எண்ணச் சொல்லி, படிக்கு வந்து சொன்னேன். "மூணாவதும்மா. உனக்கு இருபத்தஞ்சு முடிஞ்ச வருஷம், ஆவணியிலயே வந்துட்டார்."

அவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சம்பந்தி இறங்கிப் போனவர்கள் திரும்பி ஏறி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார்கள். நாலு பத்து நாமக்கல் பஸ் போய்விட்டது. அடுத்ததும் போய்விட்டது. கீழே கடைக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

கேட்டதற்குத்தானே சார் பதில் சொன்னேன்? நம்பரில் தப்பில்லை. லூர்து இரண்டு தரம் எண்ணினாள்.